மகள் தூங்கும் நேரத்தில் ஓர் ஆறு

டப்ளினில் என் மகள் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சுவர்கள் மெல்லியவை. மருத்துவமனையில் இரவு வேலை முடித்துக் காலை ஒன்பதரைக்கு வந்து படுத்தால் மாலை நான்கு வரை அவள் தூங்க வேண்டும். அந்த நேரத்தில் மிக்ஸி ஓடக்கூடாது, குக்கர் விசில் அடிக்கக்கூடாது. தைப்பிங்கிலிருந்து அக்கா போன் செய்தால் குளியலறைக்குள் போய்த்தான் பேச வேண்டும். முதல் மூன்று நாள் சோபாவில் பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தேன். நான்காம் நாள் சப்பாத்தை மாட்டிக்கொண்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வெளியே இறங்கிவிட்டேன்.

சந்தைத் தாண்டியதும் ஆறு. பெயர் டாடர். நம் ஊர் ஆறுகளைப் பார்த்த கண்ணுக்கு இது ஆறே இல்லை, பெரிய ஓடை. ஆழமில்லாத இடத்தில் முழங்கால் நனையாமல் கடந்துவிடலாம் போலிருந்தது. ஆனால் தண்ணீர் தெளிவாக இருந்தது, அடியில் கிடந்த கல் ஒவ்வொன்றும் தெரிந்தது. நிறம் மட்டும் சற்றுப் பழுப்பு. அழுக்கு இல்லை, கண்ணாடி கிளாசில் ஊற்றிய தே-ஓ நிறம்.

நான் இடைநிலைப் பள்ளியில் புவியியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். இருபத்தெட்டு ஆண்டுகள் கரும்பலகையில் ஆற்றின் மூன்று நிலைகளை வரைந்திருக்கிறேன். மேல்நிலையில் செங்குத்துப் பள்ளத்தாக்கு, நடுநிலையில் வளைவு, கீழ்நிலையில் வண்டல், முகத்துவாரம். எத்தனை ஆயிரம் மாணவர்கள் அதை மனப்பாடம் செய்து எழுதினார்களோ! ஆனால் நான் ஓர் ஆற்றையாவது கடலிலிருந்து மலை வரை முழுதாக நடந்து பார்த்ததில்லை. பேராக் ஆறு 400 கிலோமீட்டர், அதை யார் நடப்பது? அன்று மாலை மகளின் கைப்பேசியில் வரைபடத்தைப் பார்த்தபோது டாடரின் நீளம் ஏறத்தாழ 26 கிலோமீட்டர் என்று தெரிந்தது. இதை நடக்கலாம். வயது அறுபத்திரண்டு, முட்டி கொஞ்சம் பேசும், ஆனாலும் நடக்கலாம். ஒரே நாளில் அல்ல, அவள் தூங்கும் பகல்களில், துண்டு துண்டாக.

வரைபடத்தில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. டப்ளின் நகரத்தின் நடுவே ஓடும் பெரிய ஆறு லிஃபி. அது தெற்கே விக்லோ மலைகளில் கிப்யூர் என்ற மலைக்கும் டோன்டஃப் என்ற மலைக்கும் இடையிலுள்ள சதுப்பில் பிறக்கிறது. டாடரும் அதே கிப்யூரின் வடக்குச் சரிவில்தான் பிறக்கிறது. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே வீட்டுப் பிள்ளைகள். லிஃபி மேற்கே போய், சமவெளியைச் சுற்றி, 120 கிலோமீட்டருக்கு மேல் அலைந்து டப்ளினுக்கு வருகிறது. டாடர் நேராக வடக்கே இறங்கி 26 கிலோமீட்டரில் அதே இடத்துக்கு வந்து சேர்ந்துவிடுகிறது. கடலுக்குச் சற்று முன்னால் இரண்டும் கலக்கின்றன. வகுப்பில் சொல்லியிருந்தால் பிள்ளைகள் மறந்திருக்கமாட்டார்கள்.

கீழேயிருந்து தொடங்கினேன். முகத்துவாரம் ரிங்ஸெண்ட் என்ற பழைய துறைமுகப் பகுதியில் இருக்கிறது. உண்மையைச் சொன்னால் ஏமாற்றம்தான். ஒரு பக்கம் 1796-இல் திறந்த கால்வாய்த் துறை, அதைச் சுற்றிக் கணினி நிறுவனங்களின் கண்ணாடிக் கட்டடங்கள். அதன் ஓரமாக டாடர் அடக்கமாக வந்து லிஃபிக்குள் நுழைகிறது. நான் போனபோது கடல் வற்றியிருந்தது. கற்சுவர்களில் பாசி படிந்த கோடு மிக உயரத்தில் தெரிந்தது. ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையில் மூன்று, நான்கு மீட்டர் வித்தியாசம் இங்கே சாதாரணம். சேற்றில் கடற்காகங்கள் சண்டை போட்டன. ஒரு நீர்க்காகம் சிறகை விரித்து, துணி காயப்போட்ட மாதிரி நின்றது. இரண்டு அன்னங்கள் எதையும் கண்டுகொள்ளாமல் போயின. அன்னம் என்றதும் நமக்குப் புராணம்தான் நினைவுக்கு வரும். இங்கே அது பாலத்தடியில் ரொட்டித் துண்டுக்குக் காத்திருக்கிறது.

அங்கிருந்து மேலே ஏறினால் அவிவா அரங்கம். ரக்பியும் காற்பந்தும் ஆடும் பெரிய அரங்கம், ஆறு அதன் முதுகை உரசிக்கொண்டு போகிறது. அடுத்து பால்ஸ்பிரிட்ஜ். பெரிய பணக்காரர்கள், தூதரகங்கள் இருக்கும் பகுதி. இங்கே கரையோரம் இடுப்புக்கு மேல் உயரமான புதிய கற்சுவர்கள் கட்டியிருந்தார்கள். இவ்வளவு சிறிய ஆற்றுக்கு இவ்வளவு பெரிய சுவரா என்று நின்று பார்த்துக்கொண்டிருந்தபோதுதான், பழுப்பு நாய் ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்த பெரியவர் பேச்சுக் கொடுத்தார். இந்த ஊரில் யாரும் முதலில் வானிலையைப் பற்றித்தான் பேசுகிறார்கள். தூறலை இவர்கள் 'மென்மையான நாள்' என்கிறார்கள். நான் குடைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தேன்.

"எண்பத்தாறில் நீங்கள் இங்கே இருந்திருக்க வேண்டும்" என்றார் அவர். 1986 ஆகஸ்டு கடைசியில் சார்லி என்ற சூறாவளியின் மிச்சம் அயர்லாந்தைத் தொட்டது. கிப்யூர் மலையில் 24 மணி நேரத்தில் 280 மில்லிமீட்டர் மழை. நம் ஊரில் பருவமழைக் காலத்தில்கூட ஒரே நாளில் அவ்வளவு கொட்டினால் பள்ளிக்கூடத்தை மூடிவிடுவோம். அது அத்தனையும் டாடரில் இறங்கியது. நூற்றுக்கணக்கான வீடுகளுக்குள் தண்ணீர். படகில் ஆட்களை ஏற்றினார்களாம். பெரியவரின் அக்கா வீட்டில் பியானோ மிதந்ததாம். பிறகு 2011-லும் கரை உடைந்தது. அதனால்தான் சுவர்.

காரணம் அந்தக் கரும்பலகைப் படத்திலேயே இருக்கிறது. கிப்யூரின் உயரம் 757 மீட்டர். அங்கே விழும் மழை 26 கிலோமீட்டரில் கடலுக்கு வந்தாக வேண்டும். கிலோமீட்டருக்கு 25 மீட்டருக்கு மேல் இறக்கம். வளைந்து நெளிந்து களைப்பாற இதற்குச் சமவெளியே இல்லை. லிஃபிக்கு மழை பெய்த செய்தி மெதுவாக வரும்; டாடருக்குச் சில மணி நேரத்தில் வந்துவிடும். இந்த ஆற்றுக்குக் கீழ்நிலை என்பதே கிடையாது, மலைக்குணத்தோடேயே நகரத்துக்குள் வந்துவிடுகிறது.

அந்தக் குணத்தால்தான் இங்கே உயிர்களும் இருக்கின்றன என்பது பிறகு புரிந்தது.

டானிபுரூக்கில் தடுப்பணைகளைப் பார்த்தேன். டாடரில் பழைய காலத்தில் நிறைய ஆலைகள் இருந்தன. மாவு அரைக்க, காகிதம் செய்ய, துணி நெய்ய, எல்லாவற்றுக்கும் தண்ணீர்ச் சக்கரம். ஆலைகள் போய்விட்டன, அணைகள் நிற்கின்றன. (டானிபுரூக் என்றால் ஆங்கிலத்தில் அடிதடி என்று ஒரு பொருள் உண்டு. 1204-இல் தொடங்கி 1855 வரை இங்கே ஆண்டுதோறும் நடந்த சந்தையில் அவ்வளவு குடியும் சண்டையுமாம். இப்போது அந்த இடத்தில் நாய்க்குட்டிகளும் குழந்தை வண்டிகளும்தான்.) ஓர் அணைக்குக் கீழே நாரை ஒன்று அசையாமல் நின்றது. மழை பெய்து தண்ணீர் ஏறியிருந்த நாள் அது. திடீரென்று நுரைக்குள்ளிருந்து ஒரு மீன் எகிறியது. அணையின் சரிவில் மோதி, வழுக்கி, மறுபடியும் கீழே. இன்னொன்று. இன்னொன்று. பழுப்பு டிரவுட் மீன்கள், பின்பனிக்கு முன்னால் முட்டையிட மேலே போகும் வழியைத் தேடுகின்றன. கடலிலிருந்து சால்மனும் கடல் டிரவுட்டும்கூட இந்த ஆற்றின் கீழ்ப்பகுதிக்கு வருவதுண்டு. அரை மணி நேரம் நின்றேன். நான் பார்த்தவரை ஒரு மீனும் ஏறவில்லை. நாரை மட்டும் நகர்ந்து சரியான இடத்துக்கு வந்துவிட்டது.

விலாங்குக் கதையையும் பெரியவர்தான் சொன்னார். டாடரில் வாழும் விலாங்குகள் எல்லாம் இங்கே பிறந்தவை அல்ல. அட்லாண்டிக்கின் மறுகோடியில், சர்காசோ கடலில் பிறந்து, கண்ணாடி மாதிரி நிறமில்லாத குஞ்சுகளாகக் கடலைத் தாண்டி வருகின்றன. ஆற்றில் பத்து, இருபது ஆண்டுகள் இருந்து வளர்கின்றன. பிறகு ஒருநாள் இருட்டில், மழைத் தண்ணீரோடு இறங்கி, பிறந்த கடலுக்கே திரும்பிப் போய் முட்டையிட்டு இறக்கின்றன. "இருபது வருஷம் கழிச்சாவது திரும்பிப் போகுதே" என்று நான் மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். நான் எதற்காக டப்ளினுக்கு வந்தேன் என்பது அந்த விலாங்குக்குத் தெரியாது.

சொல்லிவிடுகிறேன். மகள் இங்கே படிக்க வந்து எட்டு ஆண்டுகள். டப்ளினில் தொடங்கிப் பினாங்கில் முடியும் மருத்துவப் படிப்புகள் நம் பிள்ளைகளுக்குப் பழக்கமானவைதான். இவள் முழுப் படிப்பையும் இங்கேயே முடித்து, வேலையிலும் சேர்ந்துவிட்டாள். அவள் அப்பா போய் மூன்று ஆண்டுகள். தைப்பிங்கில் நான்கு அறை வீட்டில் நான் ஒருத்தி. "வந்துரு கண்ணு" என்று நேரில் சொல்லத்தான் வந்தேன். போனில் சொன்னால் அவள் ஒப்பந்த மருத்துவர்கள் கதையைத் தொடங்கிவிடுவாள்: 2016-க்குப் பிறகு அங்கே நிரந்தர வேலை எத்தனை பேருக்குக் கிடைத்தது, மேற்படிப்பு என்ன ஆகும் என்று. அவள் சொல்வதில் தப்பில்லை என்பதுதான் சிக்கல். ஆனால் நேரில் வந்தும் மூன்று வாரமாக நான் வாயைத் திறக்கவில்லை. அவள் வேலை முடிந்து வந்து தூங்குகிறாள்; நான் ஆற்றுக்குப் போகிறேன்.

மில்டவுனில்தான் அதிக நேரம் இருந்தேன், வீட்டுக்குப் பக்கம் என்பதால். இங்கே ஒரு பழைய குறுகிய கற்பாலம் உண்டு, பொதிக்குதிரைகள் போன பாலம். அதற்கு அருகிலேயே ஒன்பது வளைவுகள் கொண்ட உயரமான ரயில் பாலம். 1854-இல் திறந்த ரயில் பாதை 1958-இன் கடைசி நாளோடு நின்றுபோய், 2004 முதல் அதே பாலத்தில் டிராம் ஓடுகிறது. அதன் கீழே கல்லில் உட்கார்ந்தால் மேலே டிராமின் உறுமல், கீழே தண்ணீரின் சலசலப்பு.

அங்கேதான் அந்தக் குருவியைப் பார்த்தேன். குருவியைவிடப் பெரியது, மைனாவைவிடச் சிறியது. குட்டை வால், குண்டு உடம்பு, கறுப்பும் பழுப்பும். நெஞ்சில் மட்டும் வெள்ளை, சாப்பிடும்போது குழந்தைக்குக் கட்டும் துணி மாதிரி. நீர் நடுவிலிருந்த கல்லில் நின்றுகொண்டு உட்கார்ந்து எழுந்தது, உட்கார்ந்து எழுந்தது, பிள்ளையாருக்குத் தோப்புக்கரணம் போடுவது போல. கண்ணை மூடித் திறக்கும்போது இமையில் வெள்ளையாக ஒரு மின்னல். பிறகு எந்த அவசரமும் இல்லாமல் கல்லிலிருந்து இறங்கித் தண்ணீருக்குள் நடந்தே போய்விட்டது. நான் எழுந்து நின்றுவிட்டேன். மூழ்கிவிட்டது என்று நினைத்தேன். நாலைந்து நொடி கழித்து வேறொரு கல்லில் ஏறி, வாயில் எதையோ வைத்துக்கொண்டு மறுபடியும் தோப்புக்கரணம்.

ஆங்கிலத்தில் டிப்பர். தமிழில் இதற்குப் பழகிய பெயர் எதுவும் எனக்குத் தெரியவில்லை, நம் பக்கத்துப் பறவை இல்லையே. ஐரிஷ் மொழியில் இதன் பெயருக்குக் கருங்கொல்லன் என்று பொருள். பாடும் பறவை இனத்தில் பிறந்துவிட்டு நீருக்கடியில் வேலை செய்கிறது. சிறகைத் துடுப்பு மாதிரி அடித்து, நீரோட்டம் தூக்காதபடி உடம்பை அழுத்திக்கொண்டு, கல்லைப் புரட்டிப் பூச்சிகளின் புழுக்களை எடுக்கிறது. அந்தப் புழுக்களில் ஒருவகை, மணலையும் சிறுகற்களையும் ஒட்டித் தனக்கு ஒரு குழாய் வீடு கட்டிக்கொள்ளும். ஒரு கல்லைத் தூக்கிப் பார்த்தால் அடியில் அந்தக் குழாய்கள் ஒட்டியிருந்தன, நகைக்கடையில் செய்த மாதிரி. இந்தப் பூச்சிகளுக்கு வேகமாக ஓடும், காற்று நிறையக் கலந்த தண்ணீர் வேண்டும். பூச்சி இருந்தால்தான் டிப்பர் இருக்கும். ஆகவே மலைக்குணம் போகாத இந்த ஆற்றால்தான் ஒரு மலைப் பறவை தலைநகரத்தின் டிராம் பாலத்துக்குக் கீழே குடும்பம் நடத்துகிறது. அயர்லாந்து டிப்பர் தனி உள்ளினமாம். வெள்ளை நெஞ்சுக்குக் கீழே வரும் செம்பழுப்புப் பட்டை இதற்குக் குறுகலாக இருக்கும்.

மீன்கொத்தியையும் இங்கேதான் பார்த்தேன், பார்த்தேன் என்று சொன்னால் அதிகம். நீலக் கோடு ஒன்று தண்ணீருக்கு மேலே போனது. ஆனால் அது என் பழைய தோழி. இதே இனம் குளிர்காலத்தில் வடக்கிலிருந்து நம் நாட்டுக்கும் வரும், வயல் வாய்க்கால் ஓரத்தில் உட்காரும். வாலாட்டிக் குருவியும் அப்படித்தான், இங்கே அணைக்கல்லில் மஞ்சள் வயிற்றைக் காட்டி வாலை ஆட்டும் அதே இனத்தைக் கேமரன் மலையில் பார்த்திருக்கிறேன். பறவைகளுக்கு இந்த உலகம் அவ்வளவு பெரிதில்லை போலும்.

பிறகு நீர்நாய். சிங்கப்பூர் வாசகர்கள் சிரிக்கக்கூடும். அங்கே நீர்நாய்க் குடும்பம் சாலையைக் கடந்தால் போக்குவரத்து நிற்கிறது. டாடரின் நீர்நாய் வேறு இனம், கூச்சம் அதிகம், இரவில்தான் நடமாட்டம். ஆனால் இருக்கிறது. பாலத்துக்குக் கீழே துருத்திய கல்லில் கறுப்பாகக் கிடந்ததைப் பெரியவர் காட்டினார், மீன் முள்ளும் செதிலும் கலந்த எச்சம். அதுதான் அதன் முகவரிச் சீட்டு. இது என் இடம் என்று ஊருக்குச் சொல்கிறது. அவர் குனிந்து முகர்ந்து பார்த்து, "புதுசு" என்றார். என்னையும் முகரச் சொன்னார். மறுத்துவிட்டேன். இதற்கு ஐரிஷ் மொழியில் என்ன பெயர் என்று கேட்டேன். மத்ரா இஷ்கா. மத்ரா என்றால் நாய், இஷ்கா என்றால் தண்ணீர். எங்கள் மொழியிலும் இதே பெயர்தான் என்று நீர், நாய் எனப் பிரித்துச் சொன்னேன். அவருக்கு அவ்வளவு மகிழ்ச்சி. நாயைக் கூப்பிட்டு அதனிடமும் சொன்னார். (விஸ்கி என்ற சொல்லும் இந்த இஷ்காவிலிருந்து வந்ததுதானாம். அதையும் மகிழ்ச்சியாகவே சொன்னார்.)

அதற்குப் பிறகு பல மாலைகள், மகள் எழுந்து குளித்துக் கிளம்பியதும், அந்திநேரத்தில் பாலத்துக்குப் போய் நின்றேன். நீர்நாய் வரவில்லை. தண்ணீருக்கு ஒரு சாண் மேலே வௌவால்கள் வட்டமடித்தன. குளிர் தாங்காமல் திரும்பிவிடுவேன்.

மில்டவுனுக்கு மேலே டார்ட்ரி பக்கத்தில் ஆற்றின் நடுவே ஒரு காண்டாமிருகம் நிற்கிறது. பயப்பட வேண்டாம், வெண்கலச் சிலை. 2002-இல் வந்து நின்றதாம். ஏன், யார் வைத்தது என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். அதன் முதுகில் ஒரு வாத்து தூங்கிக்கொண்டிருந்தது.

ராத்ஃபார்னம், டெம்பிளோக் வழியாகப் போன இரண்டு பகல்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பூங்காக்கள், பள்ளி விளையாட்டுத் திடல்கள். ஓவன்டோகர் என்ற கிளை ஆறு வந்து கலக்கிறது. ஓரிடத்தில் ஒரு குழாயிலிருந்து சோப்பு நுரை வந்துகொண்டிருந்தது. சில வீடுகளில் சலவை இயந்திரத்தின் குழாயைக் கழிவுநீர்க் குழாயில் இணைக்காமல் மழைநீர்க் குழாயில் இணைத்துவிடுகிறார்கள், அது நேராக ஆற்றுக்கு வருகிறது. யாரும் வேண்டுமென்று செய்வதில்லை, அதனால்தான் நிறுத்துவதும் கடினம். கரை முழுவதும் ஆள் உயரத்துக்கு இளஞ்சிவப்புப் பூச்செடி ஒன்று மண்டிக் கிடந்தது. எங்கேயோ பார்த்த முகமாக இருக்கிறதே என்று காயைத் தொட்டதும் பட்டென்று வெடித்து விதை தெறித்தது. காசித்தும்பை! அதன் இமாலய உறவு. அழகுக்காகத் தோட்டங்களில் நட்டது வேலி தாண்டி, ஆற்றோரம் முழுவதையும் பிடித்து, உள்ளூர்ச் செடிகளை மூச்சுவிடாமல் செய்கிறது. தன்னார்வலர்கள் பிடுங்கிப் பிடுங்கி எறிகிறார்கள். பால்யத்தில் எங்கள் லயத்து வாசலில் இருந்த செடி நினைவுக்கு வந்ததால் எனக்கு அதன் மேல் கோபம் வரவில்லை.

ஃபர்ஹவுஸ் பக்கத்தில் பெரிய தடுப்பணை ஒன்று இருக்கிறது. 13-ஆம் நூற்றாண்டில் டப்ளின் நகரத்துக்குக் குடிநீர் கொண்டுபோக இங்கிருந்துதான் தண்ணீரைத் திருப்பினார்கள். பல நூறு ஆண்டுகள் அந்த நகரம் குடித்தது இந்தத் தே-ஓ தண்ணீரைத்தான்.

மகளுக்கு இரண்டு நாள் விடுப்பு வந்தது. தோழியின் காரைக் கடன் வாங்கினாள். "ஆத்தைப் பத்தி இவ்ளோ பேசுறியே, மேல போய்ப் பார்ப்போம் வா" என்றாள். போஹர்நபிரீனா என்ற இடத்தில் காரை விட்டுவிட்டு நடந்தோம். வீடுகள் முடிந்து, பள்ளத்தாக்கு திறந்துகொண்டது. இரண்டு நீர்த்தேக்கங்கள், ஒன்றன் மேல் ஒன்றாக. 1883-க்கும் 1887-க்கும் இடையில் கட்டியவை. இதில் ஒரு தந்திரம் இருக்கிறது, புவியியல் ஆசிரியைக்கு மிகவும் பிடித்துப்போனது. மலையில் பீட் மண் படுகையிலிருந்து வரும் தண்ணீர் பழுப்பு, குடிக்க ஆகாது என்று நினைத்தார்கள். ஆனால் கீழே ஆலைக்காரர்களுக்கு நிறம் ஒரு பொருட்டில்லை, சக்கரம் சுற்றினால் போதும். ஆகவே பழுப்புத் தண்ணீரைத் தனி வாய்க்காலில் மேல் தேக்கத்தைச் சுற்றிக் கொண்டுபோய்க் கீழ்த் தேக்கத்தில் விட்டார்கள். தெளிந்த ஓடைகளின் தண்ணீர் மட்டும் மேல் தேக்கத்துக்கு, குடிக்க. ஒரே ஆற்றை நிறம் பார்த்து இரண்டாகப் பிரித்துவிட்டார்கள்.

அந்தப் பள்ளத்தாக்கின் பெயர் கிளெனஸ்மோல். பாடும் பறவைகளான திரஷ்களின் பள்ளத்தாக்கு என்று பொருள். அரிய ஆர்க்கிட் புல்வெளிகளும், சுண்ணாம்பு கலந்த ஊற்றுகளும் இங்கே உண்டு. ஊற்றுநீர் பாசியின் மேல் வழிந்து வழிந்து, சுண்ணாம்பு படிந்து, பாசி அப்படியே கல்லாகிவிடுகிறது. ஐரோப்பியச் சட்டப்படி பாதுகாத்த இடம். சரிவில் மான்கள் தலை தூக்கிப் பார்த்துவிட்டு மேயப் போய்விட்டன.

தேக்கத்தின் கரையில் உட்கார்ந்து, கொண்டுபோன புளிச்சோற்றைச் சாப்பிட்டோம். அப்போது மகள்தான் அந்தக் கதையைச் சொன்னாள். ஓஷீன் என்ற வீரன் ஒரு தேவகன்னியோடு இளமை மாறாத நாட்டுக்குப் போகிறான். மூன்று ஆண்டுகள் இருந்ததாக நினைக்கிறான். ஊர் ஏக்கம் வந்து திரும்புகிறான். குதிரையை விட்டு இறங்காதே, கால் மண்ணில் படக்கூடாது என்று அவள் சொல்லி அனுப்புகிறாள். வந்து பார்த்தால் அவன் வீடும் இல்லை, ஆட்களும் இல்லை. இங்கே முந்நூறு ஆண்டுகள் கடந்துவிட்டன. இந்தக் கிளெனஸ்மோலில்தான் சிலர் ஒரு பாறையைத் தூக்க முடியாமல் நிற்பதைப் பார்க்கிறான். உதவ குதிரையிலிருந்து குனிகிறான், சேணத்தின் வார் அறுந்து விழுகிறான். மண் தொட்டதும் முந்நூறு வயதுக் கிழவன்.

கதை முடிந்ததும் இருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. காற்று தண்ணீரைச் சுருக்கம் சுருக்கமாகத் தள்ளியது.

"மா, எனக்கு ஸ்பெஷலிஸ்ட் டிரெயினிங்ல இடம் கிடைச்சிருக்கு. அஞ்சு வருஷம்" என்றாள். "நீ வந்த அன்னிக்கே லெட்டர் வந்துச்சு. எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

நானும் எதற்கு வந்தேன் என்று சொன்னேன். அவளுக்கு அது முதல் நாளே தெரியுமாம். "நீ பெட்டியில என்னோட பழைய ஐ.சி. காப்பியெல்லாம் எடுத்துட்டு வந்திருக்கியே, மா" என்று சிரித்தாள். சிரித்து முடிப்பதற்குள் அழுதாள். நான் டப்பாவை மூடி, ஒழுகாமல் இருக்க ரப்பர் பேண்ட் போட்டேன். அதைத் தவிர அந்த நேரத்தில் எனக்கு வேறு வேலை தெரியவில்லை. "அஞ்சு வருஷத்துல எனக்கு அறுபத்தேழு" என்றேன். "தெரியும்" என்றாள். அவ்வளவுதான் பேசினோம்.

மறுநாள் கிப்யூருக்குப் போனோம். 1798 கிளர்ச்சிக்குப் பிறகு பிரிட்டிஷ் படை மலைக்குள் போட்ட சாலை இப்போதும் இருக்கிறது. உச்சிக்கு ஒலிபரப்புக் கோபுரம் வரை ஒரு தனிப் பாதை, அதில் நடந்தோம். இருபக்கமும் பீட் மண், கறுப்பு அல்வா மாதிரி. காலை வைத்தால் சதுப்பு உள்ளே இழுக்கிறது. நம் பக்கம் பீட் மண் என்றால் தீயும் புகைமூட்டமும்தான் நினைவுக்கு வரும். இங்கே அது பஞ்சு போல மழையைக் குடித்துச் சொட்டுச் சொட்டாக விடுகிறது. பாதி வழியில் மேகம் இறங்கியது. கோபுரம் மறைந்தது, பாதை மறைந்தது, முன்னால் போன மகளின் சிவப்பு அங்கி மறைந்தது. "மா, அங்கேயே நில்லு" என்று குரல் மட்டும் வந்தது. நின்றேன். அவள் திரும்பி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். இறங்கிவிட்டோம். டாடரின் பிறப்பிடத்தை நான் பார்க்கவில்லை.

திரும்பும் வழியில் சாலி கேப் போகும் சாலையில் ஒரு சின்னப் பாலத்தில் காரை நிறுத்தினாள். கீழே ஓடியது லிஃபி. தாண்டிக் குதிக்கும் அகலம். இந்த நூலா நகரத்தில் கப்பல் வாங்கும் ஆறு என்று நம்ப முடியவில்லை. குனிந்து ஒரு கை அள்ளினேன், விரல் மரத்துப்போனது. அதே தே-ஓ நிறம்.

அக்டோபர் கடைசியில் திரும்பினேன். கிளம்பும் முன் பெரியவரைப் பார்க்கப் பாலத்துக்குப் போனேன். அன்று அவர் வரவில்லை. டிப்பர் இருந்தது, இலையுதிர்ந்த மரத்துக்குக் கீழே கல்லில் நின்று பாடிக்கொண்டிருந்தது. மற்ற பறவைகள் வாயை மூடும் குளிர்காலத்தில்தான் இது பாடத் தொடங்குமாம்.

போன வாரம், இங்கே மதியச் சாப்பாட்டு நேரம், மகளிடமிருந்து ஒரு வீடியோ வந்தது. இரவு வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில், விடியும் முன் அந்தக் கற்பாலத்தில் நின்று எடுத்திருக்கிறாள். பன்னிரண்டு நொடி. பெரும்பகுதி இருட்டு. தண்ணீரில் ஒரு கோடு வளைந்து போகிறது, பிறகு பாலத்துக்கு அடியில் மறைகிறது. மூச்சைப் பிடித்துக்கொண்டு, "மா, உன்னோட நீர்நாய், உன்னோட நீர்நாய்" என்று அவள் கிசுகிசுப்பது கேட்கிறது. நாலு தடவை பார்த்தேன். அக்காவிடமும் காட்டினேன். கட்டை ஏதோ மிதந்து போகிறது என்கிறாள் அக்கா.